பதிவில் இருந்த பெயர்

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். முடிச்சூரிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு கம்ப்யூட்டரில் காணாமல் போயிருந்தது. ஊசி போட்டதும் மூச்சுத் திணறி, ஐ.சி.யூ.வில் வைத்துத்தான் பிழைத்தார். பழி நர்ஸ் ஸ்டெல்லா மேல் விழுந்தது.

"நான் அழிக்கலை சார். யார் மாத்தினாங்கன்னு உங்க கம்ப்யூட்டர் காட்டுமாமே, பார்த்துச் சொல்லுங்க," என்றார்.

எந்தப் பதிவை யார், எப்போது மாற்றினார்கள் என்று குறித்துவைக்கும் வசதியை நான்தான் சேர்த்திருந்தேன். திறந்தேன். என் பெயர் இருந்தது. ஊசி போட்டதற்கு முந்தின நாள், முகவரிகளைத் திருத்த நான் எழுதிய புரோகிராம் அந்தக் குறிப்பைச் சேர்த்துக்கொள்ளாமலே பதிவைத் திரும்பச் சேமித்து, அந்த இடத்தை வெறுமையாக்கியிருந்தது.

என் பெயர் இருந்த அந்த ஒரு வரியை அழித்தால் யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பிரின்ட் எடுத்துப் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன். என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கிளம்பும்போது ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"என்னை விடுங்க சார். அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தீங்களா?"

அதன் பிறகுதான் போய்ப் பார்த்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் அவரை நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.