பிறேக் கம்பிக் கிற்றார்

சின்ன மாமாவின் கிற்றாருக்கு நான்தான் கறண்ட்.

எனக்கு ஒன்பது வயது. முள்ளியவளையில் எங்கள் வளவில், குண்டுக்குப் பதுங்குகிற பங்கரின் வாசலை ஒட்டி, அம்மாவின் சைக்கிள் ஸ்டாண்டில் ஏற்றப்பட்டு நிற்கும். பின்சில்லு அந்தரத்தில். நான் ஏறி மிதித்தால் டைனமோ சுழலும். டைனமோ சுழன்றால், பழைய றேடியோவைப் பிரித்து மாமா செய்த அம்பிளிபயருக்குள் சின்னச் சிவப்பு வெளிச்சம் விழும். அதன்பிறகுதான் அந்தச் சத்தம் வரும். மின்சாரம் கிடையாது. பற்றரியை ஆமிக்காரர் வன்னிக்குள் வர விடமாட்டார்கள். போர் நடந்துகொண்டிருந்த அந்த வருடங்களில் ஊரெல்லாம் சைக்கிள் மிதித்துச் செய்தி கேட்டது. எங்கள் வீடு மட்டும் மிதித்து இடி கேட்டது.

மாமா அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்தில் அவர் இருந்த வீட்டின்மேல் குண்டு விழுந்த பிறகு எங்களிடம் வந்தவர். வரும்போது கையில் உடுக்க ஒரு சாரம், ஒரு கசெற், உடம்பில்லாத கிற்றாரின் கழுத்து. வீடு தரைமட்டமானது, உள்ளே இருந்தவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா சொல்லுவா. சொல்லும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளுவா.

புது உடம்பை மாமா முதிரைப் பலகையில் வெட்டினார். தூக்கினால் தோள் கழன்றுவிடும் பாரம். கம்பிகளுக்கு, சைக்கிள் பிறேக் கம்பியைப் பிரித்து, மெல்லியதற்கு ஓர் இழை, மொத்தமானதற்குப் பல இழை என்று முறுக்கிக்கொண்டார். கசெற்றின் மட்டையில் தலைமயிர் நீட்டிய நாலு பேர் கறுப்புச் சேட்டோடு முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு மண்டையோடு.

"உதைச் சாமிப்படத்துக்குக் கிட்ட வைக்காதை" என்று அம்மா அதைக் குப்புறப் போடுவா.

அந்தக் கசெற் ஒன்று, நெல்லுக் குத்துகிற மில் மற்றது. மாமா பாடம் படித்த இடங்கள் இவ்வளவுதான். மில் ஓடும் நேரம் போய்ச் சுவரில் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். மில்காரர் பகிடி பண்ணாமல் விடமாட்டார். "என்ன தம்பி, மில்லுக்குக் காய்ச்சலோ? தொட்டுத்தொட்டுப் பாக்கிறீர்!"

ஒருநாள் நல்ல ஸ்பீக்கரின் கடதாசியை பிளேட்டால் மூன்று இடத்தில் கீறினார். அம்மா தலையில் கைவைத்தா. "விசரோடா உனக்கு?"

"வடிவாக் கேட்டாக் காணாது அக்கா. நெஞ்சுக்குள்ள இடிக்கோணும்."

கீறியபின் சத்தம் கிழிந்து வந்தது. கிழிந்தும் சிதறவில்லை; ஈரமணலில் பாரமான எதையோ இழுப்பதுபோல் ஒட்டுமொத்தமாக வந்தது. மாமா கம்பிகளை இன்னும் தளர்த்தினார். கீச்சென்ற மேல்சுரங்களின் பக்கம் அவர் விரல் போவதேயில்லை. தாடையைக் கிற்றாரின் பலகையில் அழுத்திக்கொண்டு, அடித்தொண்டையில் உறுமுகிற அந்தக் கீழ்க்கம்பிகளையே வெட்டி வெட்டி அடிப்பார்.

அம்மா அனுமதித்தது ஒரேயொரு நிபந்தனையில். இந்தச் சத்தத்துக்குள் குண்டு போடுகிற பொம்பர் வந்தால் யாருக்குக் கேட்கும்? ஆகவே இடைக்கிடை நிறுத்தி வானத்தைக் கேட்க வேண்டும். மாமா அந்த வேலையை என்னிடம் தந்தார். "மருமோள், உனக்கு எப்ப மனசு சொல்லுதோ அப்ப மிதிக்கிறதை நிப்பாட்டு. நான் பேசமாட்டன்."

அதிலிருந்து எனக்குப் பயம் பிடித்தது. கால்கள் மிதிக்கும், காதுகள் முதுகுப்பக்கமாய் வானத்தில் கிடக்கும். நிறுத்தினாலும் சத்தம் உடனே நிற்காது. அம்பிளிபயருக்குள் மிச்சமாய்த் தேங்கிய கறண்டில் ஓர் இரைச்சல் முனகி, இறங்கி, மெல்லச் சாகும். அது சாகும்வரை வானத்தில் என்ன இருக்கிறதென்று சொல்ல முடியாது. அந்த முனகலும் பொம்பரும் ஒரே சாதிச் சத்தம். ஒருமுறை பொறுக்கமுடியாமல் "வருது!" என்று கத்திவிட்டேன். அயல் முழுக்கப் பங்கருக்குள் குதித்தது. வானம் வெறுமையாய் இருந்தது. பக்கத்து வளவு மாமி சேலையில் மண்ணைத் தட்டிக்கொண்டே, "உங்கட பெட்டை கோழி கொக்கரிச்சாலும் எங்களைக் குழிக்குள்ள இறக்கிப்போடும்" என்றா. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதன்பிறகு வாயைத் திறக்கவே பயம்.

நான் நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் மாமா கையால் கம்பிகளை அமத்திக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார். வானத்தைப் பார்க்கமாட்டார். பாட்டைக் குழப்பிவிட்டேன் என்று முறைக்கிறார் என்றே நினைத்தேன். பேசமாட்டன் என்று சொன்னவர் பார்வையால் பேசுகிறார்.

அன்று பின்னேரம் அம்மா சங்கக்கடைக்கு மா வாங்கப் போனா. சைக்கிளை நாங்கள் பிடித்துவைத்திருந்தபடியால் நடந்து போனா. மாமா புதுக்கம்பி போட்டிருந்தார். முதல் அடியிலேயே வாளித் தண்ணீர் நடுங்கியது. மாமாவின் முகம் அப்படி விரிந்து நான் கண்டதில்லை.

"மிதி பிள்ளை, மிதி! இதுதான், இதுதான்!"

மிதித்தேன். என் தொடைக்குள்ளிருந்தே அந்த உறுமல் புறப்பட்டது. சந்தோசம்போல ஏதோ நெஞ்சில் ஏறியது. அதற்குள் வானம் ஞாபகம் வந்தது. கால்களை நிறுத்தினேன்.

முனகல் இறங்கியது. இறங்கியது. சாகவில்லை.

சிவப்பு வெளிச்சம் அணைந்துவிட்டது. சத்தம் மட்டும் மெல்லிய நூலாய் நின்றது. ஸ்பீக்கரா? வானமா? சொல்லலாமா? பிழைத்தால் திரும்பவும் சிரிப்பார்களா? என் வாய் திறக்கவில்லை. மாமா என் முகத்தைப் பார்த்தார். அடுத்த கணம் ஒரு கையில் கிற்றாரும் மறுகையில் நானுமாய்ப் பங்கருக்குள் பாய்ந்தார்.

பொம்பர் தலைக்குமேல் கிழித்துக்கொண்டு போனது. மண் எங்கள்மேல் கொட்டியது. குண்டுகள் சந்திப் பக்கமாய் விழுந்தன. சங்கக்கடை சந்தியில்தான் இருந்தது. "அம்மா" என்றேன். மாமா பதில் சொல்லவில்லை. மண்சுவரைப் பார்த்துக் குந்தியிருந்து, கறண்ட் இல்லாத கிற்றாரை நெஞ்சோடு அணைத்து, அந்தப் பாட்டையே விரலால் அடித்துக்கொண்டிருந்தார். அம்மா நடந்து போனா, நடந்து போனா என்பது மட்டும் என் தலைக்குள் சுற்றியது. சைக்கிள் மேலே, வெயிலில், சும்மா நின்றது.

எவ்வளவு நேரமோ. மேலே அம்மாவின் குரல் கேட்டது. "தம்பி! டேய் தம்பி!"

நிமிர்ந்தேன். தலைமயிரெல்லாம் புழுதி, காலில் செருப்பில்லை, மாப் பை நெஞ்சோடு. வழியில் ஒரு மதகுக்குக் கீழே படுத்திருந்திருக்கிறா. அம்மா இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டா. மாமா திரும்பவில்லை. கிற்றாரை அடித்தபடியே இருந்தார். அம்மா இறங்கிவந்து தோளைத் தொட்டதும், பாம்பு தொட்டவர்போல் துள்ளி எழுந்தார்.

அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டா, "ஆர் முதல் கேட்டது?"

"மாமா" என்றேன். "நான் சொல்லமுந்தியே தூக்கிப்போட்டார்."

அம்மா மாமாவையே பார்த்தா. மாமா நிலத்தைப் பார்த்தார். பிறகு அம்மா குசினிக்குப் போய் அடுப்பை மூட்டினா. அன்றிலிருந்து மாமாவைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் அம்மா குரல் கொடுப்பதில்லை. எழுந்துபோய்த் தோளைத் தொடுவா. குண்டு வந்தபின் தம்பியில் பாசம் கூடிவிட்டதாக்கும், என்னில் கூடவில்லையே என்று எனக்குப் பொறாமைகூட வந்தது.

இப்போது மாமா கிளிநொச்சியில், இரண்டு காதுக்குப் பின்னாலும் மெஷினோடு, தன் வயதில் பாதிகூட இல்லாத பெடியங்களோடு வாசிக்கிறார். யாழ்ப்பாணத்துக் குண்டு கீறல் போடாமல் அவர் செவியைக் கொண்டுபோயிருந்தது. கிட்ட நின்று வாயைப் பார்த்தால்தான் கதை விளங்கும். எட்டத்துச் சத்தம் எதுவுமே கேளாது. தெரிந்தால் அக்கா வளவை விட்டு வெளியே விடமாட்டா என்று அந்த நாளில் அதை எங்களுக்கு ஒளித்திருக்கிறார்.

போன மாதம் ஒரு மண்டபத்தில் அவர் வாசிப்பைப் பார்க்கப் போனேன். ஆளுயர அம்பிளிபயர். காலடியில் ஒரு வரிசைப் பெட்டிகள். அதிலொன்று, கம்பி நின்றதும் மிச்ச முனகலை அந்தக் கணமே வெட்டிவிடுமாம். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பலகைத் தளத்தில் நின்றார். கீழ்க்கம்பி உறுமியது. என் தொடை தானாய் இறுகியது.

பாதிப் பாட்டில் திடீரென்று எல்லாம் நின்றது. மாமா கம்பிகளை அமத்திக்கொண்டு, இருட்டுக்குள் தேடி, என் முகத்தைக் கண்டுபிடித்துப் பார்த்தார்.

அதே பார்வை.

நான் வானத்துக்குக் காதைக் கொடுத்துக் கேட்டேன். பிறகு, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

மாமா அடிக்கத் தொடங்கினார்.