அண்ணன் மாட்டிய ஃபுட்ரெஸ்ட்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்காக அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். வெறும் புகழ்ச்சி அவருக்கு ஒத்துவராது. அதனால் அவர் செய்த ஒரு தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் பிறந்தவர். பிளஸ் டூ முடித்த கையோடு அப்பா தவறிவிட, தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவில் சேர்ந்தார். நாளெல்லாம் நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டி, தங்கையான என்னைப் பட்டதாரியாக்கினார். அவர் அலுத்துக்கொண்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒரே ஒரு வியாதிதான் உண்டு. எதையும் மெக்கானிக்கிடம் கொடுக்கமாட்டார். மிக்ஸியோ மோட்டார் சைக்கிளோ, வீட்டிலேயே பிரித்துப் போட்டுவிடுவார். மாட்டி முடித்ததும் தரையில் ஏதாவது மிச்சம் கிடக்கும். அது எக்ஸ்ட்ரா என்று சமாளிப்பார்.

எங்கள் வீட்டுப் பெண்கள் வண்டியில் ஒரு பக்கமாகவே உட்காருவோம். இரண்டு காலும் இடது பக்க ஃபுட்ரெஸ்டில்தான். அத்தனை பாரமும் தாங்கி அது தொங்கிப் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அதைக் கழற்றி நிமிர்த்தினார். மாட்டும்போது, அதைத் தாங்கும் ஆணி நழுவாமல் முனையில் செருகும் ஸ்ப்ளிட் பின் உடைந்துவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, அந்த இடத்தில் கட்டுக்கம்பியைச் சுற்றிவிட்டார்.

இரண்டே நாளில், அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும்போது, கோட்டூர்புரம் பாலத்தருகே கம்பி அறுந்து ஃபுட்ரெஸ்ட் விழுந்தது. கூடவே அம்மாவும் விழுந்தார். வண்டி மெதுவாகப் போனதால் கணுக்கால் சுளுக்கோடு தப்பித்தார். அம்மாவைப் பார்க்க வந்த உறவினரும் நண்பர்களுமான உங்கள் எல்லோரிடமும் பள்ளத்தில் இறங்கிவிட்டதாக அண்ணன் சொன்னார். நீங்களும் ரோட்டைத் திட்டிவிட்டுப் போனீர்கள்.

இனி உன் வண்டியில் ஏறுவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அம்மாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தார்.

"பள்ளமெல்லாம் இல்லம்மா. பின்னு போடாம கம்பி கட்டி ஓட்டிக்கினு இருந்தேன். தப்பு என்னுதுதான்."

அம்மா சுளுக்கிய காலை மெல்ல நகர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "நாளைக்கு என் கண்ணு முன்னாடி கயட்டி மாட்டு" என்றார்.

மறுநாள் காலை அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் துருவை உப்புத்தாளால் தேய்த்தார், கிரீஸ் தடவினார். புது ஸ்ப்ளிட் பின்னைச் செருகி முனைகளைக் குறடால் மடக்கினார். அம்மா தன் கையாலேயே அதை ஆட்டிப் பார்த்தார். கால் சரியானதும் பழையபடி ஏறி உட்கார்ந்தார்.

கடைசி மாதம் இதயம் தளர்ந்து படுத்திருந்தபோதும், மாத்திரையை நடுவில் நிறுத்தியது தான்தான் என்று மருத்துவரிடம் ஒளிக்காமல் சொன்னவர் அண்ணன். அவரை நினைத்தால் அழுகை வருகிறது, பெருமையும் வருகிறது. இப்போது அவர் வண்டியை நான் ஓட்டப் பழகி, அம்மாவைக் கோயிலுக்கும் கடைக்கும் அழைத்துப் போகிறேன்.

மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த அண்ணனின் கடை நண்பர்களுக்கும், எங்களை அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொடுத்தனுப்பிய மேல்வீட்டு அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அண்ணன் செய்த தப்பு ஊருக்கெல்லாம் தெரியவேண்டுமா என்று தயங்கிக் கேட்டேன்.

"எழுது. அவன் வந்து சொன்னதுக்கு அப்பறம்தான் நான் பயமில்லாம அவன் பின்னாடி ஒக்காந்தேன். அதையும் எழுது."