ஜம்புநாதன் மாமாவின் கடல்மீன்கள்

எங்கள் கீழ்வீட்டு ஜம்புநாதன் மாமா பகலில் கல்கத்தாத் துறைமுக அலுவலகத்துக் கோப்புகளையும் மற்ற நேரத்தில் பழந்தமிழ்க் காதல் பாட்டுகளையும் பார்த்தார். இரண்டும் அவரை அவசரப்படுத்தியதில்லை. நூற்றிருபது கடற்கரைப் பாட்டுகளை வங்காளியில் மொழிபெயர்க்கப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. வங்காளிப் பேராசிரியர்களுக்கே இலக்கணம் திருத்துவார். அதனால் பாலிகஞ்சில் யாரும் அவரை டீக்குக் கூப்பிடுவதில்லை.

2002 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, பதிப்பாளர் நீல்மணி பாபு அச்சுப்படிகளுடன் வந்தார். ஒப்புநோக்க நானும் போயிருந்தேன்.

“ஜம்பு பாபு, உங்க கதாநாயகி கடற்கரையிலதானே நிக்கறா?”

“ஆமாம்.”

“அவ அப்பா கடல்ல வலை போட்டு ருயி பிடிக்கறாரே. ருயி குளத்து மீன், மோஷாய். படிக்கறவங்க பதினோராம் பக்கத்துலயே சிரிச்சுப் புத்தகத்தை மூடிடுவாங்க.”

மாமாவுடையது மீன் தொடாத வீடு. அவருக்குத் தெரிந்த ஒரே மீன் பெயர், அலுவலகக் கேன்டீன் பலகையில் எழுதியிருப்பது. பாட்டில் எந்த மீன் வந்தாலும் அதையே போட்டிருந்தார், நாற்பத்தோரு இடத்தில்.

“திங்கட்கிழமை திருத்தி வரணும். இல்லேன்னா நான் இதைப் போடறதா இல்லை,” என்றார் நீல்மணி பாபு.

மறுநாள் காலை மாமா மூக்கில் கைக்குட்டையுடன் கரியாஹாட் மீன் சந்தைக்குப் போனார். துணைக்கு நான். மீன்காரியிடம், “மாசி, கடல்ல இருக்கும், ஒல்லியா வெள்ளியாட்டம் மின்னும், மணல்ல காயப்போடுவா. அது எது?” என்றார்.

“கல்யாணத்துக்குப் பொண்ணா பாக்கறீங்க, பாபு?” என்றாள் அவள். பக்கத்துக் கடைகள் சிரித்தன. ஆனாலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிப் பெயர் சொன்னாள். வால், செதில், நாற்றம், எல்லாம் மாமா குறித்துக்கொண்டார். ஒன்றைத் தொட்டும் பார்த்தார்.

வீட்டு வாசலில் பாகீரதி மாமி வாளித் தண்ணீரோடு நின்றாள். அங்கேயே குளித்துவிட்டுத்தான் திருத்த உட்கார்ந்தார். திங்கட்கிழமை படிகள் போய்ச் சேர்ந்தன.

ஜனவரியில் புத்தகம் வந்தது. மார்ச்சில் ஒரு வங்காளிப் பத்திரிகை நாலு வரி எழுதியது: காதல் சுமார், மீன்கள் பிரமாதம்.

மாமா அதை இரண்டு முறை படித்தார்.

“பன்னெண்டு வருஷம் காதலுக்குன்னு உழைச்சேன், பாகீரதி. மீனுக்கு ஒரே ஒரு காலம்பற.”

மாமி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: “ரெண்டுல எதை நேர்ல போய்ப் பார்த்தேள்?”