அழுத்தியும் மறையாத சிவப்பு

தென்காசியில் ஒரு மருத்துவமனையின் தோல் ஓ.பி.யில் நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த முதல் வாரம். குற்றாலத்தில் சீசன் நேரம். அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்கிற மாடசாமி அண்ணாச்சி வந்தார். இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் மிளகு மிளகாகச் சிவப்புப் புள்ளிகள். மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறவர்தானே என்று, சீட்டில் தண்ணீர் அலர்ஜி என எழுதிவிட்டேன்.

டாக்டரம்மா அதைப் படித்தார். அண்ணாச்சியின் காலிலிருந்த எண்ணெயைத் தானே பஞ்சால் துடைத்தார். ஒரு புள்ளியின் மேல் கண்ணாடி ஸ்லைடை வைத்து அழுத்தினார். சாதாரண அலர்ஜித் தடிப்பு என்றால் சிவப்பு மறையும். இது மறையவில்லை. தோலுக்குள் சின்ன ரத்தக் குழாய்கள் அழற்சியாகி ரத்தம் கசிகிறது, வாஸ்குலைட்டிஸ் என்றார். தோலோடு நின்றால் சரியாகிவிடும், கிட்னியையும் பிடித்தால் ஆபத்து. யூரின், ரத்தம், பயாப்ஸி எல்லாம் எழுதினார். பிறகு பேச்சுக் கொடுத்தார்.

"நாள் பூரா தேய்க்கீங்களே அண்ணாச்சி, தோள்பட்டை வலிக்காதா?"

"வலிக்காம? காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போட்டாத்தான் கையே தூக்க முடியும். இப்பம் பத்து நாளா மெடிக்கல்ல புது மாத்திரை குடுக்கான்."

"தம்பி கேட்டப்ப மருந்தே இல்லன்னீங்களாமே?"

"அது சீக்குக்கா திங்கேன்? வேலைக்குல்லா திங்கேன், டாக்டரம்மா."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. என் அப்பா சுரண்டை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அவர் சட்டைப் பையிலும் வலி மாத்திரை கிடக்கும். வீட்டில் முதன்முதலில் படித்தவன் நான். எனக்கே இப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அந்தப் புது மாத்திரைதான் இதைக் கிளப்பியிருக்கும் என்று அதை நிறுத்தச் சொல்லி, காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுக்கச் சொன்னார். சீசனில் படுத்துக் கிடந்தால் கூட இருக்கிற பயலுகள் சிரிப்பானுவ என்று அண்ணாச்சி முனகினார். முதல் யூரினில் கோளாறு இல்லை. ஆனாலும் கிட்னிக் கோளாறு பிறகும் வரலாம் என்று டாக்டரம்மா வாராவாரம் வரவழைத்துப் பார்த்தார். ஒரு வாரம் அவர் வராதபோது தானே போன் செய்தார்.

நான்காவது வாரம் புள்ளிகள் பழுப்புத் தடமாக மங்கியிருந்தன. அன்றும் யூரின் சுத்தம். அருவிக்குப் போகலாமா என்று அண்ணாச்சி கேட்டார்.

"போங்க. கொஞ்ச நாளைக்கு உக்காந்துக்கிட்டே, வர்றவங்களுக்குத் தலைக்கு மட்டும் தேய்ங்க. தோள் வலிச்சா கடைக்குப் போகாதீங்க, இங்க வாங்க."

இப்போது நான் யாரிடமும் எடுத்த எடுப்பில் மருந்தைப் பற்றிக் கேட்பதில்லை. என்ன வேலை, அந்த வேலையில் உடம்பில் எங்கே வலிக்கும் என்றுதான் முதலில் கேட்கிறேன்.