பப்லுவுக்கு வந்த சொறி

எங்கள் நாய் பப்லுவுக்குச் சொறி வந்தபோது எனக்குப் பத்து வயது. வேங்கிக்காலில் எங்கள் ஒரு தெருவிலேயே அத்தனை வைத்தியர்கள் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

முதலில் காது ஓரத்தில் முடி கொட்டியது. பிறகு முன்னங்கால், வயிறு. நாள் முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தது. எதிர்வீட்டு அக்கா வேப்பிலையும் மஞ்சளும் என்றார். பால்காரர் புளித்த தயிர் என்றார். எல்லாவற்றையும் பூசினோம். பப்லு எல்லாவற்றையும் நக்கித் தீர்த்துவிட்டு மறுபடி சொறிந்தது. பூசியதும் கழுவியதும் அம்மாதான். அப்பா அரசாங்க வேலையில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டால், பார்க்கலாம் பார்க்கலாம் என்று ஃபைலைத் தள்ளுவது போல நாயையும் தள்ளிவைத்தார்.

கடைசியில் சித்தப்பா வந்தார். பைக் மெக்கானிக். ஒரு பெயிண்ட் டப்பா நிறைய, வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயில் கொண்டுவந்திருந்தார். ஒரே தடவை தடவினால் போதுமாம். அம்மா வேண்டாமென்று சொல்வதற்குள் பப்லு தலை முதல் வால் வரை கறுத்துவிட்டது. அவர் கையிலிருந்து திமிறி வீட்டுக்குள் ஓடி, புதுசாக வெள்ளையடித்த சுவரில் உரசி, பௌர்ணமி கிரிவலத்துக்கென்று அப்பா எடுத்துவைத்திருந்த வேட்டியில் புரண்டது.

அப்பா அன்றைக்குத்தான் நாய் விஷயத்தில் ஒரு முடிவெடுத்தார். காலையில் அடி அண்ணாமலைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று. நான் அழுதேன். ஆயிலை நக்கிய பப்லு வாந்தியெடுத்தது. அம்மா அதை மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள்.

"எல்லாரும் வைத்தியம் பண்ணியாச்சு இல்ல. இனிமே நான் பாத்துக்கறேன்."

ஆட்டோ பிடித்து, என்னையும் நாயையும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் பப்லுவின் காது ஓரத்தை விரலால் தேய்த்தார். உடனே அதன் பின்னங்கால் தானாகக் காற்றில் சொறிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. பிளேடால் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தோலுக்குள் குடைகிற கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம். ஊசியும் மருந்துக் குளியலும்தான் கேட்குமாம். அந்த ஆயில் விஷம் என்று, நானே வடித்துக் கொண்டுவந்தது போல என்னைப் பார்த்துத் திட்டினார்.

ஊசி போடும்போது அம்மா நாயை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் முன்கை முழுக்கச் சிவந்து பொரிந்திருந்ததை டாக்டர் பார்த்துவிட்டார்.

"எத்தினி நாளா இருக்குதும்மா?"

"ஒரு மாசம் இருக்கும் சார்."

"நாய்கிட்ட இருந்து வந்தது. வீட்ல யாரும் பாக்கலையா?"

"நான் காட்டல சார். தெரிஞ்சா முதல்ல இதைத்தான் துரத்துவாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாய்க்குச் சரியானால் அம்மாவுக்கும் அடங்கிவிடும், ஆனாலும் தோல் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்பா அதன்பின் நாயைக் கொண்டுபோய் விடுகிற பேச்சை எடுக்கவில்லை. சில வாரங்களில் பப்லுவுக்கு முடி முளைத்தது. ஆயில்தான் காரணம் என்று சித்தப்பா இன்றுவரை சொல்கிறார்.

ஆனால் அன்றைக்கு ஆட்டோவில் திரும்பும்போது நான் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பப்லுவைக் காட்டப் போன இடத்தில், டாக்டர் அம்மாவின் கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டார் என்று எனக்கு அவ்வளவு எரிச்சல்.