அக்கா அடுக்கிய மரக்கட்டைகள்

அக்கா மறைந்து ஓராண்டாகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் துக்கத்தைவிட வியப்பே முன்னால் வந்து நிற்கிறது.

கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் அக்கா. அப்பா இளம் வயதிலேயே போய்விட, அம்மா கொழுந்து பறிக்கப் போனார். என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். அத்தனை பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்ததோ! நானோ பஸ் சற்றுத் தாமதித்தாலே சாரதியோடு சண்டைக்குப் போகிறவன்.

கட்டுகஸ்தோட்டையில் முன்பள்ளி ஆசிரியையானபோது, மடவளையில் தச்சுப் பட்டறை வைத்திருந்த நானாவிடம் மிஞ்சிய மரத்துண்டுகளைக் கேட்டு வாங்கி, தாமே தேய்த்து வழுவழுப்பாக்கிப் பிள்ளைகள் முன் கொட்டினார். ஒரே ஒரு சட்டம்தான்: அடுத்தவர் அடுக்குவதில் கை வைக்கக்கூடாது, கூப்பிட்டால் மட்டும் உதவலாம். கோபுரம் சரிந்ததும் பிள்ளை கத்தி அழும். அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அவசரம் இல்ல கண்ணு. நான் இங்கதான் இருக்கேன்" என்பார். அவ்வளவுதான்.

"இதுக்கு ஒரு டீச்சர் வேணுமாக்கா?" என்று கேலி செய்வேன். சிரிப்பார்.

பிறகு பக்கவாதம் வந்து அவரது வலக்கை விழுந்துவிட்டது. ஆனாலும் வகுப்புக்குப் போயே தீருவேன் என்று நின்றார்.

"பிள்ளைங்க சிரிச்சா தாங்கிக்குவியாக்கா?"

"போய்ப் பார்த்தாத்தானே தெரியும், தம்பி."

பயந்துகொண்டேதான் கூட்டிப்போனேன்.

பாயில் உட்கார்ந்து இடக்கையால் கட்டைகளை அடுக்கத் தொடங்கினார். கை நடுங்கியது, கட்டை விழுந்தது. மறுபடியும் வைத்தார், அடுக்கியதெல்லாம் சரிந்தது. சுற்றியிருந்த பிள்ளைகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பார்க்கப் பொறுக்காமல் நான்தான் குனிந்து ஒரு கட்டையை எடுத்தேன். ஒரு சின்னப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வைக்காதீங்க மாமா. டீச்சர் கூப்பிடல்ல."

பிறகு அக்காவிடம் திரும்பி, "அவசரம் இல்ல டீச்சர். நாங்க இங்கதான் இருக்கோம்" என்றாள்.

அந்தக் கோபுரம் நிற்பதற்குக் காலைப் பொழுது முழுவதும் பிடித்தது. அத்தனை பேரும் காத்திருந்தார்கள். நாலு வயதுப் பிள்ளைகள்! அதன்பின் படுக்கையில் விழும்வரை அக்கா அந்த வகுப்பை விடவில்லை.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், மரத்துண்டு தந்த மடவளை நானாவுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அயலவர், உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். கடைசி நாட்களில் ஒரு வாய் கஞ்சி விழுங்க அக்காவுக்கு நெடுநேரமாகும். கரண்டியோடு பக்கத்தில் உட்கார்ந்து, "அவசரம் இல்லக்கா, நான் இங்கதான் இருக்கேன்" என்று என்னாலும் சொல்ல முடிந்தது.