சக்களத்திக் கீரை

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டில் மட்டும் அது உயிரோடு இருந்தது. மற்றபடி தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவள் மூக்கக்கா.

மூக்கு பெரியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மூக்கும் முழியுமாக லட்சணமாகத்தான் இருப்பாள். அந்த மூக்கு பார்த்த வேலைதான் பெரியது. ஹோட்டல் துணிகளை வெளுத்துத் தேய்த்து அனுப்பும் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு இஸ்திரி மேஜை. கறை படிந்த விரிப்பை நீட்டினால் ஒரு தடவை முகர்ந்துவிட்டு, இது காபி, இது தைலம், இது எவனோ ஒளித்துவைத்துக் குடித்தது என்று பிட்டுப் பிட்டு வைப்பாள். அதற்கேற்ற மருந்தைப் போட்டு ஊறவைப்பார்கள். கறை போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மூக்கு காட்டுக்குப் போகும். பஸ் கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து கால்மணி நேரம் நடந்தால் காடு. முதலில் அவள் தனியாகத்தான் பையைத் தூக்கிக்கொண்டு கீரை பறிக்கப் போனாள். பிறகு மேஜைக்கு மேஜை பேச்சு பரவி, கூட வேலை பார்க்கிற ஒருத்தி ஒட்டிக்கொண்டாள். அவள் தன் நாத்தனாரைக் கூட்டி வந்தாள். நாத்தனார் பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தபோது, வாயைப் பிளந்துகொண்டு எப்படிச் சொன்னாளோ, அவரும் வந்து சேர்ந்தார். பத்து வருஷத்தில் பதினோரு பேர் ஆகிவிட்டார்கள். புளியாரை, பருப்புக்கீரை இவற்றுக்கெல்லாம் கண் போதும். காளான் பக்கம் மட்டும் அவள் யாரையும் விடமாட்டாள். அதற்கு இன்னொரு உயிர் கையிருப்பில் வேண்டும் என்பாள்.

மூக்கு வேண்டியிருந்தது காட்டுப்பூண்டுக்குத்தான். அதன் இலையைத்தான் பறிப்பார்கள். கசக்கினால் பூண்டு வாசம் ஆளைத் தூக்கும். வருஷத்தில் ஏழெட்டு வாரம்தான் கிடைக்கும். அதற்குப் பக்கத்திலேயே, அதே பச்சையில், அதே நீளத்தில் இன்னொன்று முளைக்கும். அது விஷம். உள்ளே போனால் இதயத்தின் துடிப்பையே தடுமாற வைத்துவிடும். ஒரே மண்ணில் ஒட்டி உரசிக்கொண்டு நின்று குடியைக் கெடுக்கப் பார்ப்பதால் மூக்கக்கா அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். பறித்ததை யாரும் நேராக வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. காட்டு வாசலில் விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் அவள் உட்கார்ந்துகொள்வாள். ஒவ்வொரு கட்டாக அவள் மடிக்கு வரும். முகர்ந்து பார்த்துத் தலையசைத்தால் வீட்டுக்குப் போகலாம். பத்து வருஷத்தில் ஒருத்தருக்கும் வயிற்றுவலி என்று ஒன்று வந்ததில்லை.

அந்த மூக்குதான் ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டது.

போனது அவளுக்கே தெரியவில்லை. காய்ச்சல் விட்டு வேலைக்குத் திரும்பிய அன்று மேஜை விரிப்பு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜைக்காரி ஓடிவந்து அவள் கையைத் தட்டிவிட்டாள். இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் துணி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. கூடமே நாறியது. மூக்கக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. கருகிய துணியை எடுத்து முகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள். சூடு தெரிந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் காது மூக்கு டாக்டர். அதைச் சொல்ல அவர் ஏழு வருஷம் படித்திருந்தார்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள் கணவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கீரை என்றாலே காத தூரம் ஓடுகிற மனுஷர். முட்டிவலி என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்திவிடு, கௌரவமாகப் போகும் என்று அவர் யோசனை சொன்னார். அவள் மூன்று நாள் அழுதாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு நாள் நின்றுகொண்டே தேய்க்கிறவளுக்கு ஏழாவது நாளில்தான் பத்துப் பேர் மதிக்கிற ஒரு இடம் இருந்தது. அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவதா?

நாலாவது நாள் காட்டுக்குத் தனியாகப் போனாள். அப்போதுதான் குருத்து விட்டிருந்தது. பூண்டு, சக்களத்தி இரண்டிலும் ஒவ்வொன்றை வேரோடு தோண்டி, இரண்டு பெயின்ட் டப்பாவில் நட்டு, பின்வாசல் படியில் வைத்தாள். கணவர் வந்து பார்த்தார்.

"ஊர்ல அவனவன்தான் சக்களத்தியைக் கொண்டுவருவான். இங்க பொண்டாட்டியே கூட்டிட்டு வந்துட்டா," என்றார்.

அவள் சிரிக்கவில்லை. இலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பூண்டிலை ஒவ்வொன்றும் தன் காம்போடு தனியாக மண்ணைவிட்டு வருகிறது. சக்களத்தி இரண்டு இலையை ஒரே தண்டில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வருகிறாள். மடக்கினால் பூண்டிலை பழைய வேட்டிபோலத் தொய்கிறது. மற்றது கஞ்சி போட்ட காலர்போல விறைக்கிறது. கஞ்சியைப் பற்றி அவள் விரலுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பரீட்சை நடந்தது. அவர் காட்டுப்பக்கம் போய்க் காம்போடு நூறு இலை கொண்டுவந்து, கலந்து, ஒவ்வொன்றாக நீட்டுவார். அவள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்வாள். முதல் நாள் பத்தொன்பது தப்பு. ஒரு வாரத்தில் ஏழு. மூன்றாம் வாரத்தில் ஒன்றில் வந்து நின்றது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்றால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள் என்றார் அவர்.

"அந்த நூறாவது இலையைத் திங்கிறவங்க வீட்ல போய் இதைச் சொல்வீங்களா?" என்றாள். அவர் இலைகளை மறுபடி கலந்தார்.

போன் வந்துகொண்டே இருந்தது. எப்போது நடை என்று கேட்டார்கள். இலை இன்னும் வளரவில்லை என்று புளுகினாள். தொடர்ந்து பத்து நாள் ஒரு தப்பும் இல்லாமல் சொன்னால் ஒழியக் காட்டு வாசலை மிதிப்பதில்லை என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட கெடு. ஆறாவது நாள் ஒருமுறை தவறியது. ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். கணவருக்குப் பச்சை நிறத்தைக் கண்டாலே கண்ணைக் கட்டியது. ஆனாலும் ஒரு சாயங்காலம்கூட அவர் தவறவில்லை. பத்து நாளும் முடிந்த அன்று அவளே போன் போட்டு எல்லோரையும் கூப்பிட்டாள்.

அவள் செய்த ஒரே தப்பு, விஷயத்தைச் சொல்லாமல் போனதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். பேக்கரி வைத்திருப்பவள். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று வரும் வழியிலேயே சொல்லியிருந்தாள். மூக்கக்காவுக்குத் துணையாக வந்த கணவர் காட்டு வாசலிலேயே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் இரண்டு மணி நேரம் பறித்தார்கள். பிறகு கட்டுகள் ஒவ்வொன்றாக அவள் மடிக்கு வந்தன. அவள் ஒவ்வொன்றையும் முகத்துக்கு நேராக உயர்த்தி மூச்சை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டே, விரலால் இலை இலையாகத் தள்ளிப் பார்த்தாள். நாடகம் ஆடுகிறோமே என்று அவமானமாகத்தான் இருந்தது.

பேக்கரிக்காரியின் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் பல் டாக்டர். உங்களுக்கு வேலை மிச்சம், நானே முகர்ந்து பார்த்துவிட்டேன், சுத்தமான பூண்டு என்றார். இரண்டு வருஷம் நடந்ததில் தாமும் பாதி மூக்கக்கா ஆகிவிட்டதாக அவருக்கு எண்ணம்.

அவள் விரல் கட்டின் நடுவில் நின்றது. கஞ்சி போட்ட காலர். ஒன்று, இரண்டு, மூன்று இலைகளை உருவி வெளியே வைத்தாள்.

"இது சக்களத்தி," என்றாள்.

டாக்டர் வாங்கிக் கசக்கி முகர்ந்தார். பூண்டு என்றார். சலவைக்கூடத்துச் சிநேகிதி முகர்ந்தாள், அவளும் பூண்டு என்றாள். கையிலிருந்து கைக்கு இலை போனது. பத்துப் பேரும் பூண்டு என்று சாதித்தார்கள். காய்ச்சல் வந்ததிலிருந்து அக்காவுக்கு மூக்கு சரியில்லை போலிருக்கிறது என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். பேக்கரிக்காரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்கக்காவுக்குச் சட்டென்று புரிந்தது. இரண்டு மணி நேரம் பூண்டிலை பறித்த கைகள் இவை. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்றால், பூண்டோடு சேர்ந்த விஷமும் மணக்காதா? எதைக் கசக்கினாலும் அந்தக் கையில் பூண்டுதான் மணக்கும். பழைய மூக்கு இருந்திருந்தால் தானும் தலையசைத்து அனுப்பியிருப்போம் என்பதும் புரிந்தது. பத்து வருஷமும் தன் மூக்கு காப்பாற்றியதா, அதிர்ஷ்டம் காப்பாற்றியதா என்று அவளுக்கே இப்போது தெரியவில்லை.

எழுந்து போய்க் கணவரை அழைத்தாள். அங்கே ஒரு இலையையும் தொடாத கை அவருடையது ஒன்றுதான். பேக்கரிக்காரியிடம், நீ எங்கே பறித்தாய் என்று கேட்டு எல்லோரையும் அங்கே கூட்டிப்போனாள். இரண்டு இலையும் ஒரே தண்டில் நிற்கிற செடி ஒன்றை அவருக்குக் காட்டினாள். அவர் பறித்து, கசக்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு முகர்ந்தார்.

"புல்லு வாசம்தான் அடிக்குது. பூண்டெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றார்.

பேக்கரிக்காரி தன் கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டாள். டாக்டர் பெரிதாக மூக்குடைபட்டு நின்றார், ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார். எல்லார் மூக்கும் ஏமாந்தபோது உங்களுடையது மட்டும் எப்படி ஏமாறவில்லை என்றார்.

உங்கள் கையெல்லாம் பூண்டு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய்வரை வந்த அந்தப் பொய்யை அவள் விழுங்கினாள்.

"எனக்கு மூக்கே இல்ல டாக்டர். வாசனை தெரிஞ்சு ரெண்டு மாசமாச்சு. இன்னைக்கு உங்க முன்னாடி மோந்து பாத்ததெல்லாம் நடிப்பு. கையாலதான் கண்டுபிடிச்சேன். சொல்லாதது என் தப்பு."

டப்பாக்களைப் பற்றி, நூறு இலையைப் பற்றி, பத்து நாளைப் பற்றி எல்லாம் சொன்னாள். இனி இங்கே யாரும் எதையும் முகரப் போவதில்லை. காம்போடு பறிக்காத இலை பைக்குள் போகாது. அடுத்த வாரம் வர விருப்பம் உள்ளவர்கள் வரலாம், இல்லாதவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்றாள். கடைசியில் சொன்னது மட்டும் பொய். திரும்பிப் போகும் பஸ்ஸில் யாரும் அவள் பக்கத்து ஸீட்டில் உட்காரவில்லை. கணவர் மட்டும் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் கிளம்பினாள். பஸ் நிற்கும் இடத்தில் ஏழு பேர் இருந்தார்கள். டாக்டர் இருந்தார். பேக்கரிக்காரி, மடித்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்றாள்.

"பறிக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு பாக்கணும்க்கா. அந்த நூறு இலைப் பரீட்சையை எங்க முன்னாடி எழுதுங்க. இலையை நான்தான் பறிப்பேன்," என்றாள்.

காட்டு வாசலுக்கு நடந்து போனதும் மூக்கக்கா விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பேக்கரிக்காரி காட்டுக்குள் போய்ப் மடி நிறையக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாகக் கையில் வைத்தாள். பூண்டு. பூண்டு. சக்களத்தி. பூண்டு. டாக்டர் எண்ணிக்கொண்டே வந்தார். ஐம்பது போனது, எண்பது போனது, ஒரு தப்பும் இல்லை. யாரோ கைதட்டத் தயாராவது காதில் கேட்டது.

தொண்ணூற்றேழாவதாகக் கையில் விழுந்தது வெறும் துண்டு. காம்பு இல்லை, நுனி இல்லை. கையின் சூட்டில் வாடித் துவண்டு போயிருந்தது. மடக்கினாள். தொய்ந்தது. ஆனால் வாடினால் எதுதான் தொய்யாது? மறுபடி தடவினாள். பூண்டு என்று சொன்னால் பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். இன்னும் மூன்றே இலை. ஏழு பேர் மூச்சுவிடாமல் நிற்பது தெரிந்தது. இவர்கள் முன்னால் இந்தப் பத்து வருஷத்தில் ஒருமுறைகூடச் சொல்லாத வார்த்தை அவள் தொண்டையில் இருந்தது.

"இது எனக்குத் தெரியல," என்றாள். கண்ணைத் திறந்து துண்டை முதுகுக்குப் பின்னால் வீசினாள். "தெரியாதது பைக்குள்ள போகாது."

பேக்கரிக்காரி மற்ற மூன்று இலைகளை நீட்டவில்லை.

"எனக்கும் தெரியாதுக்கா," என்றாள். "எதுல கிள்ளினேன்னு பாக்காமத்தான் கிள்ளினேன். நீங்க அதை ஏதோ ஒண்ணுன்னு சொல்லியிருந்தா நான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிருப்பேன்."

கையைக் கழுவிக்கொண்டு வந்து, கக்கத்தில் இருந்த பையை உதறி விரித்தாள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டாள்.